பண்டிகைக் காலத்தில் பசித்த குழந்தைகளுக்கும் தனித்திருக்கும் முதியவர்களுக்கும் உதவ: முதன்முறை இறங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

முதல் தடவை நாங்கள் 5 பேர் சேர்ந்து 60 பேருக்குச் சமைத்து எடுத்துக்கொண்டு ஒரு குழந்தைகள் இல்லத்துக்குப் போனோம். பண்டிகை நாள், பகல் பதினொன்றரை மணி. வாசலில் எங்களுக்கு முன்பே 2 வண்டிகள் நின்றன. ஒரு குழு உள்ளே பரிமாறிக்கொண்டிருந்தது, இன்னொரு குழு வராந்தாவில் காத்திருந்தது. எங்களுக்குப் பின்னால் நான்காவதாகவும் ஒரு வண்டி வந்தது. காலையிலிருந்தே சாப்பிட்டுக்கொண்டிருந்த குழந்தைகள், எங்கள் பாத்திரத்தைத் திறந்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். கொண்டுபோனதில் பாதிக்கு மேல் வீண். 10 நாள் கழித்து அதே இல்லத்தின் சமையல் பொறுப்பாளர் போன் செய்தார். "எண்ணெய் தீர்ந்துபோச்சுங்க. யாராவது கொடுக்கிறவங்க இருந்தா சொல்லுங்க."

அந்தப் போனுக்கு அப்புறம்தான் இந்த வேலையை முறையாகக் கற்றுக்கொள்ளத் தொடங்கினேன். எனக்கு 3 பண்டிகைக் காலங்கள் பிடித்தன. உங்களுக்கு அவ்வளவு நாள் ஆக வேண்டியதில்லை. முதன்முறை இறங்குகிறீர்கள் என்றால், பண்டிகைக்குக் குறைந்தது 6 வாரம் முன்பே இதைப் படித்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

1. முதலில் தேதியை மாற்றுங்கள்

பண்டிகை நாளன்று கொடுக்க எல்லோரும் வருவார்கள். அந்த ஒரு நாளை விட்டுவிடுங்கள். உங்கள் உதவி தேவைப்படுவது அதற்கு முந்தைய வாரத்திலும் பிந்தைய 2, 3 வாரங்களிலும்தான்.

குழந்தைகள் விஷயத்தில் இதற்குத் தெளிவான காரணம் உண்டு. பண்டிகை என்றால் பள்ளி விடுமுறை. உலக உணவுத் திட்டத்தின் 2024-ஆம் ஆண்டுக் கணக்குப்படி உலகெங்கும் குறைந்தது 46 கோடியே 60 லட்சம் குழந்தைகள் பள்ளியில் உணவு பெறுகிறார்கள். பள்ளி மூடினால் அந்த உணவும் பெரும்பாலும் நின்றுவிடும். நம் வீட்டில் பலகாரம் செய்யும் அதே நாட்களில், பகல் சாப்பாட்டுக்குப் பள்ளியை நம்பியிருந்த குழந்தைக்கு அது இல்லாமல் போகிறது. ஆகவே விடுமுறை எந்தத் தேதியில் தொடங்குகிறது, என்றைக்குப் பள்ளி திறக்கிறது என்று முதலில் குறித்துக்கொள்ளுங்கள். இடைப்பட்ட நாட்கள்தான் உங்கள் வேலைநாட்கள்.

முதியவர்களுக்குக் கணக்கு வேறு. அக்கம்பக்கத்தார் ஊருக்குப் போய்விடுவார்கள், மருந்துக்கடை சீக்கிரம் மூடிவிடும், வீட்டு வேலைக்கு வருபவர் விடுப்பு எடுப்பார், தினமும் பேச்சுத்துணையாக இருந்த காவலாளிகூட இருக்கமாட்டார். தெருவே பேச்சும் சிரிப்புமாக இருக்கும்போது அவர் வீட்டில் மட்டும் தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருக்கும். பண்டிகைக்கு முந்தைய மாலையும், விருந்தினரெல்லாம் கிளம்பிப்போன மறுநாளும் அவர்களுக்கு மிகவும் கனமானவை.

2. யாருக்கு என்று கண்டுபிடிப்பது

தெருவில் இறங்கிக் கதவைத் தட்டிக் கேட்காதீர்கள். "உங்கள் வீட்டில் சாப்பாடு இல்லையா?" என்று யாரிடமும் கேட்க முடியாது, கேட்கவும் கூடாது. ஏற்கெனவே தெரிந்தவர்கள் வழியாகப் போங்கள். வகுப்பாசிரியருக்கு எந்தக் குழந்தை காலையில் சாப்பிடாமல் வருகிறது என்று தெரியும். பகுதி சுகாதாரப் பணியாளருக்கு எடை குறைந்த குழந்தைகளைத் தெரியும். முதியவர்கள் என்றால் தபால்காரர், மருந்துக்கடைக்காரர், வழிபாட்டுத் தலத்தில் வேலை செய்பவர், அடுக்குமாடிக் காவலாளி ஆகியோரைக் கேளுங்கள். நான் சந்தித்த 7 பேரில் 3 பேரைச் சொன்னது ஒரு மருந்துக்கடைக்காரர்தான். "மருந்து வாங்க வந்தா அரை மணி நேரம் நின்னு பேசிட்டுப் போவாங்க" என்பது அவர் வைத்திருந்த அடையாளம்.

இங்கே இரண்டு தவறுகள் வழக்கமாக நடக்கும். தனிமை என்றதும் முதியோர் இல்லத்துக்கு ஓடுகிறோம். அங்கே குறைந்தபட்சம் ஆள்நடமாட்டம் இருக்கும். தன் சொந்த வீட்டிலேயே தனியாக இருப்பவரை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. அதேபோல் பசித்த குழந்தை என்றதும் ஆதரவற்றோர் இல்லம் என்று போகிறோம். உலகெங்கும் இல்லங்களில் வளரும் குழந்தைகளில் பெரும்பாலோருக்குப் பெற்றோரில் ஒருவராவது உயிரோடு இருக்கிறார். வறுமைதான் பல குழந்தைகளை அங்கே கொண்டுவந்து சேர்க்கிறது. நன்கொடையும் பார்வையாளர்களும் வருவதற்காகவே குழந்தைகளைச் சேர்க்கும் இடங்களும் உண்டு. 2019 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபை குழந்தை உரிமைகள் பற்றி நிறைவேற்றிய தீர்மானம், பிள்ளைகள் குடும்பத்தோடு வளர உதவ வேண்டும் என்பதை வலியுறுத்துகிறது. இல்லத்துக்குக் கொடுக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. குடும்பத்தோடு இருக்கும் குழந்தைக்கு விடுமுறையில் சாப்பாடு கிடைத்தால், அந்தக் குடும்பம் இன்னும் கொஞ்ச நாள் சேர்ந்திருக்கும். என் முதல் தேர்வு அதுதான்.

3. ஆவணங்கள்

பலரும் தவறவிடும் படி இது. அவசரப்படாமல் செய்யுங்கள். சட்டம் நாட்டுக்கு நாடு மாறும், ஆனால் கேட்க வேண்டிய கேள்விகள் எங்கும் ஏறக்குறைய ஒன்றுதான்.

அமைப்பிடம் கேட்க வேண்டியவை: பதிவுச் சான்றிதழ். குழந்தைகளையோ முதியவர்களையோ தங்கவைக்கும் இடம் என்றால் அதற்கான தனி உரிமம், அதன் காலாவதித் தேதியோடு. வரிவிலக்குச் சான்றிதழ் இருந்தால் அதன் நகல். கடந்த ஆண்டின் வரவுசெலவுக் கணக்கு. வங்கிக் கணக்கு அமைப்பின் பெயரில் இருக்கிறதா என்பதை மட்டும் விடாமல் பாருங்கள். "அந்தக் கணக்கு இப்போ முடங்கியிருக்கு, என் பேர்ல போட்டுடுங்க" என்று ஒருவர் என்னிடம் சொன்னார். நான் போட்டுவிட்டேன். ரசீது இன்றுவரை வரவில்லை. அதற்கப்புறம் தனிநபர் கணக்குக்கு நான் ஒரு பைசா அனுப்பியதில்லை.

வரிவிலக்கு வேண்டுமென்றால் ரசீதில் உங்கள் முழுப்பெயர், வரி அடையாள எண், தொகை, தேதி, அமைப்பின் பதிவு எண் எல்லாம் இருக்கிறதா என்று வாங்கிய அன்றே சரிபார்த்துவிடுங்கள். பல நாடுகளில் ரொக்கமாகக் கொடுப்பதற்கு உச்சவரம்பு உண்டு. பொருளாகக் கொடுத்தால் வரிவிலக்கு கிடைக்காத இடங்களும் உண்டு. முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

உங்கள் பக்கம் தேவைப்படுபவை: அடையாள அட்டை நகல், அவசரத்துக்கு அழைக்க ஒருவரின் தொடர்பு எண், சமைத்துக் கொண்டுபோவதாக இருந்தால் உள்ளூர் விதி கேட்கும் உணவு அனுமதி. குழந்தைகளோடு நேரடியாகப் பழகுவதாக இருந்தால் நன்னடத்தைச் சான்றிதழ் கேட்பார்கள். இதற்குச் சில வாரங்கள் ஆகலாம். நான் 6 வாரம் முன்பே தொடங்கச் சொன்னதற்கு இதுதான் முதல் காரணம். சான்றிதழ் கேட்டார்கள் என்று வருத்தப்படாதீர்கள். கேட்காத இடத்தைப் பற்றித்தான் கவலைப்பட வேண்டும். யார் வேண்டுமானாலும் உள்ளே வந்து குழந்தையைத் தூக்கிக் கொஞ்சலாம் என்று விட்டிருக்கும் இடத்தில் குழந்தைக்குப் பாதுகாப்பு இல்லை.

புகைப்படம்: குழந்தையின் முகம் தெரியும் படம் வேண்டவே வேண்டாம். பொறுப்பாளர் சரி என்று சொன்னாலும் எடுக்காதீர்கள். கணக்குக் காட்டுவதற்குப் பொருட்களின் படமும் ரசீதின் படமும் போதும். பள்ளியில் நாளை உடன் படிக்கும் பிள்ளைகள் அந்தப் படத்தைப் பார்ப்பார்கள். முதியவர்களிடம் நேரடியாகக் கேளுங்கள். மறதி நோய் உள்ளவர் தலையாட்டினால் அதைச் சம்மதமாக எடுத்துக்கொள்ள முடியாது.

4. என்ன வேண்டும் என்று கேளுங்கள்

பண்டிகைக்கு 4 வாரம் முன்பு போன் செய்யுங்கள். "என்ன கொடுக்கட்டும்?" என்று பொதுவாகக் கேட்டால், கொடுப்பவர் மனம் நோகக் கூடாதே என்று "எதுவானாலும் சரிங்க" என்றுதான் பதில் வரும். குறிப்பாகக் கேளுங்கள். எத்தனை பேர், எந்தெந்த வயது? யாருக்காவது உணவு ஒவ்வாமை உண்டா? மத அடிப்படையிலோ குடும்ப வழக்கப்படியோ சாப்பிடாதது எது? அடுப்பு, எரிபொருள், குளிர்சாதனப் பெட்டி இருக்கிறதா? வேறு யார் எந்த நாளில் வருகிறார்கள்? போன வருடம் எது மிஞ்சியது, எது பற்றவில்லை?

எரிபொருள் பற்றிய கேள்வியை நான் ஒரு வீட்டில் கற்றுக்கொண்டேன். ஒரு மாதத்துக்கான தானியமும் பருப்பும் மூட்டையாகக் கொண்டுபோய் இறக்கினோம். அந்த அம்மா மகிழ்ச்சியோடுதான் வாங்கிக்கொண்டார். ஆனால் மூட்டையை ஓரமாக வைத்துவிட்டு அடுப்பைப் பார்த்தபடியே நின்றார். 4 நாளாக அடுப்பு எரியவில்லை. கடைசிப் பிள்ளை ஊறவைத்த தானியத்தை வெறும் வாயில் மென்றுகொண்டிருந்தது. அன்றிலிருந்து உலர்பொருள் தொகுப்பு எதுவானாலும், சமைக்காமல் அப்படியே சாப்பிடக்கூடியவை 2 நாளுக்குப் போதுமான அளவு அதில் இருக்கும். கூடவே எரிபொருளுக்கான தொகையும்.

5. செலவுக் கணக்கு

சாப்பாட்டுச் செலவை மட்டும் கணக்குப் போட்டுவிட்டு நடுவழியில் மாட்டிக்கொள்கிறார்கள். வண்டி, பொட்டலம் கட்டும் பொருள், குடிநீர், குப்பை அகற்றுவது, கையுறை, எரிபொருள் எல்லாம் சேர்ந்தால் நல்ல தொகை வரும். பண்டிகை நெருங்க நெருங்க விலையும் ஏறும், வண்டி வாடகையும் ஏறும். கெடாத பொருட்களை 3 வாரம் முன்பே வாங்கிவிடுங்கள். மொத்தத்தில் 10 சதவீதத்தை எதற்கும் ஒதுக்காமல் கையில் வைத்திருங்கள்.

நான் இப்போது பிரிக்கும் முறை இது: கையிலிருக்கும் பணத்தை மூன்று பங்காக்கி, ஒரு பங்கைப் பண்டிகைக்கு முன்பும், இரண்டு பங்கைப் பண்டிகை முடிந்து பள்ளி திறக்கும் வரையிலும் செலவிடுகிறேன். நம்பகமான அமைப்பு என்றால் பொருளைவிடப் பணமே நல்லது. மொத்த விலையில் அவர்கள் நம்மைவிடக் குறைவாக வாங்குவார்கள், மாதக் கடைசியில் எது தீர்கிறதோ அதை வாங்குவார்கள். குடும்பங்களுக்கு நேரடியாகக் கொடுப்பதாக இருந்தால் பக்கத்துக் கடையில் முன்பணம் கட்டி, தேவையானதை அவர்களே எடுத்துக்கொள்ளச் சொல்லலாம். கடைக்காரர் மற்றவர்கள் முன் "இது தர்மக் கணக்கு" என்று சத்தமாகச் சொல்லாதவராக இருக்க வேண்டும். அதை அவரிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

நண்பர்களிடம் பணம் திரட்டுகிறீர்களா? அதற்கென்று தனிக் கணக்கு வையுங்கள். பொதுமக்களிடம் வசூலிக்க அனுமதி தேவையா என்று பாருங்கள். யார் எவ்வளவு கொடுத்தார், எதற்குச் செலவானது என்று ஒரே தாளில் எழுதி, பண்டிகை முடிந்த 2 வாரத்துக்குள் எல்லோருக்கும் அனுப்பிவிடுங்கள். கணக்கு தாமதமானால் நட்பு கசந்துவிடும், நான் பார்த்திருக்கிறேன்.

பொருளாகத் திரட்டினால், குறைந்தது 3 மாதக் காலாவதி மிச்சமுள்ளதை மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள். வீட்டு அலமாரியைச் சுத்தம் செய்து அனுப்புபவர்கள் உண்டு. பணிவாகத் திருப்பிக் கொடுங்கள்.

6. குழந்தைகளுக்கான சாப்பாடு

சமைத்துக் கொடுப்பதாக இருந்தால் உலக சுகாதார நிறுவனம் சொல்லும் நான்கு அளவுகளைச் சமையலறைச் சுவரில் எழுதி ஒட்டுங்கள். உணவின் நடுப்பகுதி 70 டிகிரி செல்சியஸ் வரை சூடேற வேண்டும். பரிமாறும் வரை 60 டிகிரிக்கு மேல் இருக்க வேண்டும். குளிரவைப்பதாக இருந்தால் 5 டிகிரிக்குக் கீழே. சமைத்த உணவு சாதாரண அறை வெப்பத்தில் 2 மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது. பண்டிகை நேரத்துப் போக்குவரத்து நெரிசலை அந்த 2 மணி நேரத்துக்குள் சேர்த்துக் கணக்கிடுங்கள். விடியற்காலையில் சமைத்து மதியம் பரிமாறுவதுதான் எல்லோரும் செய்யும் தவறு. பசியோடு இருக்கும் குழந்தைக்கு வயிற்றுப்போக்கு வந்தால் அது சாதாரணமாகப் போய்விடாது.

5 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு முழுக் கொட்டைகள், முழுத் திராட்சை, கெட்டி மிட்டாய் கூடாது, தொண்டையில் அடைக்கும். ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் கூடவே கூடாது. பால்மாவு டப்பாக்களைத் திரட்டிக் கொடுப்பது நல்ல மனதோடு செய்யும் தவறு. சுத்தமான தண்ணீர் இல்லாத வீட்டில் அது நோயைக் கொண்டுவரும், தாய்ப்பாலும் நின்றுபோகும். பால்மாவு விற்பனையையும் இலவச விநியோகத்தையும் கட்டுப்படுத்தும் சர்வதேச நெறிமுறை 1981-லேயே வந்துவிட்டது. தாய்க்குச் சத்தான உணவு கொடுங்கள். பால்மாவு உண்மையிலேயே தேவைப்படும் குழந்தை என்றால் சுகாதாரப் பணியாளர் சொல்லட்டும்.

இன்னொன்றை அழுத்திச் சொல்கிறேன். மிகவும் மெலிந்து எலும்பு தெரியும் குழந்தை, இரண்டு பாதமும் வீங்கியிருக்கும் குழந்தை, சோர்ந்து கண் திறக்காத குழந்தை, இவர்களுக்கு விருந்து பரிமாறாதீர்கள். நீண்ட நாள் பட்டினிக்குப் பிறகு திடீரென்று வயிறு நிறையக் கொடுப்பது உயிருக்கே ஆபத்து. அன்றைக்கே மருத்துவமனைக்கு அழைத்துப்போங்கள்.

7. முதியவர்களைப் பார்க்கப் போவது

உலக சுகாதார நிறுவனம் 2025 ஜூனில் வெளியிட்ட அறிக்கை, உலகில் 6 பேரில் ஒருவர் தனிமையால் பாதிக்கப்படுகிறார் என்கிறது. அது உடலையும் வாட்டும் என்று அதே அறிக்கை சொல்கிறது. பெரிய விஷயம்தான். ஆனால் அந்த வீட்டுக்குள் போனதும் நாம் செய்ய வேண்டியது சின்னச் சின்னக் காரியங்கள்.

முதல் சந்திப்புக்கு அவருக்குத் தெரிந்த ஒருவரோடு இருவராகப் போங்கள். முன்பே போனில் பேசி நேரம் சொல்லிவிடுங்கள். முதியவர்களைக் குறிவைத்து ஏமாற்றுவோர் பண்டிகைக் காலத்தில் அதிகம், ஆகவே அவர் சந்தேகப்பட்டால் அது சரியான எச்சரிக்கைதான். உள்ளே வரச் சொல்லும் வரை வாசலிலேயே நின்று பேசுங்கள். 40 நிமிடம் போதும். தொலைக்காட்சியின் ஒலியைக் குறைக்கலாமா என்று கேளுங்கள். அவர் எதிரே, வெளிச்சம் உங்கள் முகத்தில் விழும்படி உட்காருங்கள். காது மந்தமானவர்கள் உதட்டைப் பார்த்துத்தான் பாதியைப் புரிந்துகொள்கிறார்கள்.

ஒரு பெரியவருக்கு நாங்கள் அழகான பிளாஸ்டிக் டப்பாவில் தின்பண்டம் கொடுத்தோம். 3 வாரம் கழித்துப் போனபோது டப்பா அலமாரியில் ரிப்பனோடு அப்படியே இருந்தது. பக்கத்தில் வேறு யாரோ கொடுத்த 2 டப்பாக்கள், அவையும் திறக்காமல். "மூடி இறுக்கம் தம்பி, விரல் மடங்கல. திறந்தாலும் கடிக்க முடியாது, பல் செட்டு உடைஞ்சு நாலு மாசமாச்சு." கொடுத்த அன்றைக்கு எங்கள் முன்னாலேயே அந்த மூடியைத் திறந்து பார்த்திருந்தால் இரண்டுமே தெரிந்திருக்கும். இப்போது எந்தப் பொட்டலத்தையும் அவர்கள் கையால் திறக்கச் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் கிளம்புகிறோம்.

உணவு கொண்டுபோனால் மென்மையானதாக, சிறு அளவாக, உப்பும் சர்க்கரையும் குறைவாக இருக்கட்டும். சாப்பிடும்போது இருமல் வருகிறதா, விழுங்கச் சிரமமா என்று கேளுங்கள். என்னென்ன மருந்து எடுக்கிறார் என்று தெரியாமல் சத்து மாத்திரை, மூலிகைப் பொடி எதுவும் கொடுக்காதீர்கள். அதைவிட உபயோகமானவை வேறு உண்டு: காது கருவிக்குப் பேட்டரி, எரியாத விளக்கை மாற்றிக் கொடுப்பது, போனில் மகளின் எண்ணைப் பெரிய எழுத்தில் சேமித்துக் கொடுப்பது, விடுமுறை நாட்களுக்கான மருந்தை முன்பே வாங்கி வைப்பது.

அவருடைய பணம், வங்கி அட்டை, சாவி, கையெழுத்துப் போட வேண்டிய தாள் எதையும் தொடாதீர்கள். மருந்து வாங்கப் பணம் கொடுத்தால் பில்லும் மீதியும் அவர் கையில் எண்ணிக் கொடுங்கள். முக்கியமாக, வருவதாகச் சொன்னால் போங்கள். மாதம் ஒருமுறைதான் முடியும் என்றால் மாதம் ஒருமுறை என்றே சொல்லுங்கள், ஒரே ஆள், ஒரே கிழமை. ஆள் மாற்றி மாற்றிப் போனால் ஒவ்வொரு முறையும் அவர் தன் கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டியிருக்கும்.

8. கொடுக்கும் நாளில்

வரிசையில் நிற்கவைக்காதீர்கள். உட்காரவைத்துப் பரிமாறுங்கள், அல்லது இருட்டிய பிறகு வீட்டில் கொண்டுபோய்க் கொடுங்கள். பையில் அமைப்பின் பெயரோ கொடுத்தவர் பெயரோ அச்சிட வேண்டாம். மேடை, பேச்சு, பிள்ளைகளை நன்றிப்பாட்டுப் பாடவைப்பது எதுவும் வேண்டாம்.

ஒரு குழந்தை உடம்பில் காயமோ, பேச்சில் பயமோ தெரிந்தால் நீங்களே துருவிக் கேட்காதீர்கள். "யாரிடமும் சொல்லமாட்டேன்" என்று வாக்கும் கொடுக்காதீர்கள். பார்த்ததையும் கேட்டதையும் அன்றே எழுதிவைத்து, உங்கள் பகுதியின் குழந்தைகள் பாதுகாப்பு அதிகாரியிடமோ உதவி எண்ணிலோ சொல்லுங்கள். அந்த எண்ணைக் கிளம்பும் முன்பே போனில் போட்டுவைத்துக்கொள்ளுங்கள். முதியவர் துன்புறுத்தப்படுவதாகத் தெரிந்தாலும் இதே வழிதான்.

9. பண்டிகைக்கு அப்புறம்

ஒரு வாரம் கழித்துச் சமையல் பொறுப்பாளருக்கோ ஆசிரியருக்கோ போன் செய்து எது மிஞ்சியது, எது தீர்ந்தது என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். கையிலிருக்கும் இரண்டு பங்குப் பணம் இப்போதுதான் வெளியே வர வேண்டும். அந்த எண்ணெய் தீர்ந்த இல்லத்துக்கு இப்போது நாங்கள் பண்டிகை முடிந்த பத்தாவது நாள்தான் போகிறோம். வாசலில் வேறு வண்டி இருப்பதில்லை.

ரசீதுகளை ஒரு உறையில் போடுங்கள், சான்றிதழ்களின் காலாவதித் தேதிகளை நாட்காட்டியில் குறியுங்கள். அடுத்த பள்ளி விடுமுறை எப்போது என்று பார்த்து, அதற்கு 6 வாரம் முந்தைய தேதியிலும் ஒரு வட்டம் போட்டுவிடுங்கள்.